காலியாகாத குளிரறை

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாளே, போன வார அத்தியாயத்தில்? அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். நாத்தனார் கொடுமை என்கிறார் ஒருவர். இன்னொருவர் அண்ணி மாசமாக இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். அடேங்கப்பா! உங்கள் கற்பனைக்கு முன்னால் நானெல்லாம் எம்மாத்திரம்?

விஷயம் அதுவல்ல. அன்று ராத்திரி சாப்பிடும்போது சின்னவள் பெருமையாக ஒன்று சொன்னாள். "நம்ம குளிரறை மட்டும் இல்லேன்னா இந்த ஏரியாவுல பாதி வீட்டுல அடுப்பு எரியாது." அதைக் கேட்டபிறகு அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அதே குளிரறையைச் சோதனை போட அவள்தான் போக வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெரிய பிரிட்ஜ், ஏசியெல்லாம் பார்க்கும் மெக்கானிக். அவன் மனைவி, அதாவது நம் அண்ணி, கிளைமேட் ஆபீசில் இன்ஸ்பெக்டர். குளிர்சாதனப் பெட்டிகளில் ஓடும் கேஸ் வெளியே கசிந்தால் அது பூமியைச் சூடாக்கும். எங்கே கசிகிறது என்று கடை கடையாக, கிடங்கு கிடங்காக ஏறி இறங்கிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அண்ணனின் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். அவள் உணவு வங்கி நடத்துகிறாள். கடைகளிலும் கம்பெனிகளிலும் விற்காமல் மிஞ்சும் பால், முட்டை, காய்கறி, இறைச்சி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் குளிரறையில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் இல்லாதவர்களுக்குக் கொடுப்பாள். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்.

ஒருத்திக்குப் பசி, ஒருத்திக்குப் பூமி. நடுவில் ஸ்பானரோடு ஒரு மனிதன். இப்போது வியாழக்கிழமை காலைக்கு வாருங்கள்.

அடுக்களையில் அண்ணி தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். வெயில் அப்போதே சுவரில் ஏறியிருந்தது. இந்த வாரம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வெயிலுக்காக லீவு விட்டிருந்தார்கள்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் போறே?" என்று கேட்டான் அண்ணன்.

"வழக்கம்போலத்தான்."

"வழக்கம்னா?"

"ஆபீஸ் விஷயம். எதுக்குங்க இப்படித் துருவித் துருவிக் கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் அவள் மொட்டைமாடியில் நின்று போனில் மேலதிகாரியிடம் மன்றாடியதை அவன் கேட்டுவிட்டான். "சார், அது என் நாத்தனார் நடத்துற இடம். வேற யாரையாவது அனுப்புங்க." மேலதிகாரி, எல்லாரும் வெயில் நிவாரண டியூட்டியில் இருக்கிறார்கள், ஆள் கிடையாது, நீயே போ என்று வைத்துவிட்டார். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் சோதனைக்கு ஆளாகிறவர்களை முன்கூட்டியே எச்சரித்த மாதிரி ஆகிவிடுமாம். நேர்மை!

அவனும் மூச்சுவிடவில்லை. கேட்டதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, நேற்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தான். அது என்ன என்று இப்போதே சொன்னால் நீங்கள் அவனைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அண்ணி கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வரேன்"கூடச் சொல்லவில்லை. அவன் அதைக் கவனித்தான்.

உணவு வங்கி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு. முன்பக்கம் கொடுக்கிற மேசை. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் கிரேட்டுகள். கடைசியில் குளிரறை. அதன் கதவைத் திறந்தால் வெள்ளையாக ஒரு மூச்சு வெளியே வரும். இந்த வெயிலில் அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு சாக்கு வைத்து உள்ளே போக ஆசை.

சின்னவள் முட்டை அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணி! என்ன, இந்தப் பக்கம்? நான் டிபன் பாக்ஸை மறந்துட்டு வந்துட்டேனா?"

அண்ணி அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இந்த நிலையத்தோட பொறுப்பாளர் யாரு?"

"என்ன அண்ணி விளையாட்டு இது?"

"பொறுப்பாளர் யாருன்னு கேட்டேன்."

பக்கத்தில் நின்ற, உணவு வங்கி வண்டி ஓட்டும் டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இவங்கதான் மேடம்" என்று, பிடித்துக் கொடுப்பவன் போல, சின்னவளைக் காட்டினான். அவன் மட்டும்தான் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

"நான் கிளைமேட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். குளிரறையைப் பார்க்கணும்."

சின்னவளின் முகம் போன போக்கை எழுத எனக்கு மனசில்லை. "நேத்து ராத்திரி ஒரே மேசையில சாப்பிட்டோமே அண்ணி. ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

"சொல்லக்கூடாது."

"ஓ" என்றாள் சின்னவள். கதவைத் திறந்துவிட்டாள். "பாருங்க. நல்லாப் பாருங்க."

அண்ணி பையிலிருந்து கருவியை எடுத்தாள். டார்ச் லைட் அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு மூக்கு. கேஸ் இருந்தால் மோப்பம் பிடித்துக் கத்தும். அவள் உள்ளே போய்ச் சுவரோரமாக, கதவு ஓரமாக, குழாய் நெடுகக் காட்டினாள். அது எப்போதாவது ஒரு தடவை டிக் என்றது. அண்ணியின் தோள் லேசாகத் தளர்ந்தது. கடவுளே, சின்னக் கசிவாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். சின்னக் கசிவு என்றால் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் தரலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

பின்சுவரில் மேலே, பனி மூடிய காயிலுக்கு, அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளுக்கு, அடியில் கருவியை நீட்டினாள். அது கத்த ஆரம்பித்தது. நிறுத்தாமல் கத்தியது.

பெரிய கசிவுக்கு அவகாசம் கிடையாது. அன்றைக்கே நிறுத்தி, பூட்டி, முத்திரை வைக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் குடுப்பீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"சாயங்காலம் வரைக்கும். ஆபீஸ் முடியற நேரத்துல நிறுத்தியாகணும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை அண்ணி."

"தெரியும்."

"தெரியுமா? நாளைக்குக் காலையில இந்த வாசல்லேர்ந்து அந்த முக்கு வரைக்கும் வரிசை நிக்கும். அது தெரியுமா? குழந்தைகளுக்கு இப்ப ஸ்கூலும் இல்ல. ஸ்கூல் இல்லேன்னா மத்தியானச் சாப்பாடும் இல்ல. அது தெரியுமா? உள்ள இருக்கற பாலும் கறியும் இந்த வெயில்ல ஒரு ராத்திரி தாங்குமா?"

"நான் என்ன பண்ணட்டும்? அது எவ்வளவு கக்குதுன்னு காதால கேட்டியே. உங்க டிரைவர் வண்டி வருஷம் பூரா ஓடினாலும் இவ்வளவு கெடுதல் பண்ணாது."

டிரைவர் தன் வண்டிக்குக் கிடைத்த இந்தப் பாராட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வெளியே நழுவினான்.

"உலகத்துல இருக்கற ஏசியையெல்லாம் விட்டுட்டு இதான் கிடைச்சுதா உங்களுக்கு? எதிர்ல இருக்கற ஷாப்பிங் மாலைப் பார்த்தீங்களா? கதவைத் திறந்துபோட்டுட்டுத் தெருவுக்கே ஏசி போடறான்."

"அங்கயும் போனேன். போன மாசம் பூட்டினேன். ரெண்டு நாள்ல ரிப்பேர் பண்ணித் திறந்துட்டான். அவன்கிட்ட ஆள் இருக்கு, வசதி இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்! எங்ககிட்ட இல்ல!" சின்னவள் மேசையில் கையால் அடித்தாள். முட்டை அட்டை குதித்தது. "வயிறு இன்னிக்குப் பசிக்குது அண்ணி. நீங்க சொல்ற சூடு எப்பவோ வரப்போற சூடு. உங்களுக்கு அதுதான் பெருசு. பட்டினின்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

அண்ணி கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கப்பா என்ன பண்றார்னு உனக்குத் தெரியுமா?"

"நிலத்தைப் பார்த்துக்கிட்டிருக்காரு."

"நிலம் இல்ல. வரிசையா மழை பொய்ச்சுப் போச்சு. பெஞ்ச ஒரு தடவையும் அறுப்பு நேரத்துல பெஞ்சு மொத்தத்தையும் அழுகடிச்சிடுச்சு. வித்துட்டாரு. இப்ப அவர் இருக்கற ஊர்லயும் இது மாதிரி ஒரு இடம் இருக்கு. பையை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போய் வரிசையில நிக்கிறாரு. நான் அனுப்பற பணத்தைத் திருப்பி அனுப்பிடறாரு, மாப்பிள்ளை காசுன்னு. உங்க அண்ணனுக்குக்கூட நான் சொல்லல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எப்பவோ வரப்போற சூடுன்னு சொன்னியே. எங்க வீட்டுக்கு அது எப்பவோ வந்துடுச்சும்மா."

அண்ணியின் அப்பாவைச் சின்னவளுக்குப் பிடிக்கும். அண்ணன் கல்யாணத்தில் அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று விசாரித்த ஒரே மனிதர் அவர்தான். அழுகை வந்தது. ஆனால் அவள் சின்னவள். அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

"அப்படின்னா நீங்கதான் அண்ணி முதல்ல என் பக்கம் நிக்கணும். அவர் வரிசையில நிக்கிற இடத்துல நாளைக்கு ஒருத்தி இப்படி அட்டையை மாட்டிக்கிட்டு வந்து பூட்டினா, அவளை நீங்க என்ன சொல்வீங்க?"

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இந்த இரண்டு பேரில் ஒருத்தி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! அவளை நாலு திட்டுத் திட்டிவிட்டு அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன்.

சின்னவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அண்ணி முன்பக்கம் மேசையில் உட்கார்ந்து ஆபீசுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் மனைவியைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போனான். சின்னவள் அவன் சட்டையைப் பிடித்துக் கிரேட்டுகளுக்குப் பின்னால் இழுத்தாள்.

"எப்படிண்ணா? இத்தனை நாளா லேசாத்தான் கசியுதுன்னு நீதானே சொன்னே? திடீர்னு எப்படி இவ்வளவு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணா."

"நேத்து சாயங்காலம் வந்தேன். நீ பால் கம்பெனிக்குப் போயிருந்தே."

"வந்து?"

"கேஸ் ரொம்பக் குறைஞ்சிருந்துது. ரூம் சரியாக் குளிரல. அவ வந்து பார்த்தா எழுதிடுவாளேன்னு ஒரு சிலிண்டரை முழுசா ஏத்திட்டேன்."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஓட்டையை அடைக்காமலா?"

"முன்னாடி கசியறதுக்கே உள்ள ஒண்ணும் இல்ல. இப்ப ஃபுல்லா இருக்கு. அதான்…"

"அதான் கத்துது!"

இப்போது திட்டுங்கள். நான் தடுக்கவில்லை. அவன் பேசாமல் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தால் ஒரு நோட்டீசோடு போயிருக்கும். தங்கைக்கு உதவி செய்கிறேன் என்று போய், மனைவியிடம் கையும் களவுமாக மாட்டுகிற அளவுக்குக் கசிவைப் பெரிதாக்கிவிட்டு வந்திருக்கிறான். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். மூன்று பேருக்குமே மற்றவர்களைக் காப்பாற்ற அவ்வளவு ஆசை, அதனால் ஒருவரும் திறக்கவில்லை.

"நீ ஏன்ணா அப்பவே சரியா ரிப்பேர் பண்ணல? வரும்போதெல்லாம் கேஸ்தானே ஏத்திட்டுப் போறே?"

இங்கேதான் அண்ணனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் பண்ணலியா? காயில்ல இருக்கற ஓட்டையைப் பத்த வச்சு அடைக்கணும்னா ரூமை ரெண்டு நாள் நிறுத்தணும். பனி உருகணும், எல்லாத்தையும் வெளிய எடுக்கணும். எத்தனை தடவை உன்கிட்ட வந்து நின்னேன்? ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்னே?"

சொன்னது என்ன என்று சின்னவளுக்கே தெரியும். இந்த வாரம் வேண்டாம்ணா, கறி வந்திருக்கு. இந்த வாரம் வேண்டாம்ணா, பால் நிறைய இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்.

அடுத்த வாரமும் யாருக்காவது பசித்தது. பசிக்காத வாரம் என்று ஒன்று வந்தால்தானே அறை காலியாகும்? காலியானால்தானே ஓட்டையை அடைக்க முடியும்? அடைக்காத ஓட்டை வழியாகப் போவது சும்மா போகவில்லை. அது எங்கேயோ ஒரு மழையைக் கெடுத்து, இன்னும் இரண்டு பேரைப் பையோடு இந்த வரிசைக்கு அனுப்புகிறது.

"சரி" என்று சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் குடுக்கறதை இன்னிக்கே குடுத்துடுவோம்."

அவள் போனும் கையுமாக உட்கார்ந்தாள். டிரைவர் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னான். மத்தியானத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று முதலாளியிடம் கெஞ்சிப் பேசி வைத்திருக்கிறவர்களை வியாழக்கிழமை வா என்றால் எப்படி வருவார்கள்?

வந்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் சின்னவள் பால் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே போனாள்.

"போதும்க்கா, போதும்."

"எடுத்துக்கம்மா. இன்னிக்கு நிறைய இருக்கு."

"எடுத்துட்டுப் போய் எங்கக்கா வைப்பேன்? எங்க வீட்டுல பிரிட்ஜா இருக்கு? ராத்திரிக்குள்ள தயிராயிடும்."

சின்னவள் கை அப்படியே நின்றது. வாரா வாரம் அளந்து கொடுத்துக் கொடுத்துப் பழகியவள், அள்ளிக் கொடுக்கிறேன் என்று நின்ற ஒரே நாளில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அண்ணி மேசையிலிருந்து எழுந்து வந்தாள். யாரும் கேட்காமலே முட்டைகளை எண்ணிப் பைகளில் போட ஆரம்பித்தாள். சின்னவள் பையை மட்டும் நீட்டினாள். அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆனால் கழற்றவில்லை.

வெயில் சாய்ந்தபோதும் குளிரறை பாதி நிறைந்தே இருந்தது. கறி முழுதும் உள்ளே கிடந்தது.

"இதை எங்க கொண்டு போறது? குப்பைக்குத்தான்" என்றாள் சின்னவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அங்க போய் அழுகினா அதுலேர்ந்தும் ஒரு கேஸ் வருமாமே. அதுக்கு எங்க போய்ப் பூட்டுப் போடுவீங்க அண்ணி?"

அண்ணியின் முகம் சிவந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்திருக்கும். ஏனென்றால் அது உண்மை.

அப்போது அண்ணன் மெல்ல இருமினான். "பூக்காரர்கிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா?"

"எந்தப் பூக்காரர்?"

"மார்க்கெட்டுல மொத்த வியாபாரம் பண்றவர். அவர் குளிரறைக்கு நான்தான் சர்வீஸ். வாரத்துல பாதி நாள் காலியாத்தான் கிடக்கும்."

இரண்டு பெண்களும் அவனையே பார்த்தார்கள்.

"காலியாக் கிடக்கும்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி. கிடங்குக்கு வந்தபிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரொம்ப நாளா."

"ஏன்ணா கேக்கல?" என்றாள் சின்னவள்.

"கஸ்டமர்கிட்ட போய் உதவின்னு எப்படிக் கேக்கறது? ஒரு மாதிரி இருக்காதா?"

என்னத்தைச் சொல்ல! அவன் போன் போட்டான். பூக்காரர் இரண்டு நிமிடத்தில் சரி என்றுவிட்டார். நாளை சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு தன் சரக்கு வருகிறது என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் அறை காலியாகாமல் போனதற்கு ஒரு மனிதனின் கூச்சமும் ஒரு காரணம் என்று தெரிந்தபோது சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. இரண்டும் இல்லாமல் ஒரு கிரேட்டைத் தூக்கினாள்.

டிரைவர் இரண்டு நடை அடித்தான். கறி, மிச்சப் பால், காய்கறி எல்லாம் போய்ச் சேர்ந்தன. நாளைய வரிசைக்குச் சோறு உண்டு. கடைசி நடை கிளம்பியதும் அண்ணன் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். கம்ப்ரஸர் ஒரு தடவை உதறிவிட்டு நின்றது. கிடங்கில் அப்படியொரு அமைதியை அங்கே யாரும் கேட்டதில்லை.

அறை முதல்தடவையாகக் காலி. அண்ணன் உள்ளே போய் அண்ணாந்து காயிலைப் பார்த்தான். பனி சொட்ட ஆரம்பித்திருந்தது. அவன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"ராத்திரி முழுக்க உருகட்டும். காலையில கழட்டிடுவேன். மத்தியானம் பத்த வச்சா சனிக்கிழமை விடியறதுக்குள்ள ரூம் ரெடி" என்றான். "இதைத்தான் நான் இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சின்னவளுக்கும் மூச்சு வந்தது. "அப்ப ஒரே ஒரு நாள்தான் கஷ்டம். இல்லேண்ணா?"

அண்ணி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் பேனா.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றாள். "கடைசியா இதுல கேஸ் ஏத்தினது யாரு?"



"தெரியாது" என்றாள் சின்னவள் சட்டென்று.

"தெரியாதுன்னு சொல்லாதே. யாருன்னே தெரியாத ஆளை மெஷின்ல கை வைக்க விட்டேன்னு ஆகிடும். இந்த இடத்தோட அனுமதியே போயிடும்."

"அப்ப நான்தான் ஏத்தினேன்னு எழுதிக்குங்க."

"உனக்கு சிலிண்டரைத் திறக்கத் தெரியுமா?"

"அண்ணி, உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க."

அண்ணியின் கண் கலங்கிவிட்டது. "தெரியும். வேன்ல காலி சிலிண்டரைப் பார்த்தேன். ஆனா நானா எழுத முடியாது. யாராவது சொல்லணும்."

அண்ணன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். "நான்தான். என் பேரை எழுது."

"ஓட்டைன்னு தெரிஞ்சும் ஏத்தினீங்களா?"

"தெரிஞ்சுதான் ஏத்தினேன்."

"அப்படி எழுதினா விசாரணை முடியற வரைக்கும் உங்க மெக்கானிக் லைசென்ஸ் நிறுத்தம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"வேற மாதிரி எழுதிடுங்க அண்ணி" என்று சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். காலையிலிருந்து தொடாத கை. "உங்க புருஷன் அண்ணி!"

"புருஷன்கறதுக்காக இங்க பொய் எழுதிட்டு, நாளைக்கு நான் எந்தக் கடைக்குள்ள போய் எவன் முகத்தைப் பார்த்துப் பூட்டுவேன்? எங்கப்பாவுக்கு மழை பெய்யலியேன்னு ஊரெல்லாம் அலைஞ்சு கசிவு தேடறவ நான். வீட்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா?" என்றாள் அண்ணி. தன் கையை விடுவித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்தபோது கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது. துடைக்கவில்லை.

கதவில் முத்திரை விழுந்தது.

அண்ணன் டூல் பெட்டியைத் தூக்கினான். பிறகு, எங்கே கொண்டு போவது என்று தெரியாதவன் போலத் திரும்பக் கீழே வைத்தான். அறை காலி. பனி உருகுகிறது. ரிப்பேர் தெரிந்தவன் வாசலில் நிற்கிறான். ஒரு திருகாணியைக்கூட அவன் இனித் தொடக்கூடாது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் இந்த வெயில் காலத்தில் ஆள் வரவே வாரக்கணக்காகும். அதுவும் இலவசமாக யார் வருவார்?

அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் போன் அடித்தது. பால் கம்பெனிக்காரர். கையெல்லாம் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சனிக்கிழமை காலையில ஒரு வண்டிப் பால் இருக்கு. நாள் முடியப்போற சரக்கு. வழக்கத்தைவிட மூணு மடங்கு. உங்களுக்கு அனுப்பட்டா?"

சின்னவள் முத்திரையைப் பார்த்தாள்.

"இடம் இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கக்கா. வேற யாரும் இவ்வளவு எடுக்க மாட்டாங்க. கீழதான் கொட்டணும்."

"வேண்டாம்னு சொல்லிடு" என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் சின்னவள். "அனுப்புங்க."

"முழு வண்டியுமா?"

"முழு வண்டியும்."

போனை அணைத்துவிட்டு ஒரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டாள். பூட்டிய குளிரறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"பால் வரும். ரெண்டு பேரும் காலையிலேர்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கல. இப்பப் பார்த்துப் பேசுங்க. அந்தப் பாலை எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எழுந்திருக்கறதா இல்ல."